அமீனா வந்த ஊரில் கட்சி புகுந்த கதை: ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், 1928–1932

நம்மூர் மேடையில் எதிராளியைப் பொய்யர் என்று சொல்ல 'கோயபல்ஸ்' என்ற ஒரு பெயர் போதும். வேலூர் அண்ணா சாலையில் மைக் பிடித்தவர்களில் அதைச் சொல்லாதவர்கள் குறைவு. ஒரு பொய்யை நூறு தடவை சொன்னால் உண்மையாகிவிடும் என்று அவர் சொன்னதாகவும் சேர்த்துக்கொள்வார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. அது கிடக்கட்டும், எனக்கு இதில் உறுத்துவது வேறு. கோயபல்ஸ் ஹிட்லரின் பிரச்சார அமைச்சரானது 1933 மார்ச்சில். வீட்டுக்கு வீடு ரேடியோ என்று மலிவு விலைப் பெட்டியைக் கொண்டுவந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். ஆனால் 1932 ஜூலைத் தேர்தலிலேயே நாஜிக் கட்சி நூற்றுக்கு 37 வாக்கு வாங்கி, 230 இடங்களுடன் ஜெர்மன் நாடாளுமன்றத்தில் முதல் கட்சியாகிவிட்டது. அதுவரை வானொலி அரசாங்கத்தின் கையில். நாஜிகளுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் அடைத்தே இருந்தது. அமைச்சகமும் ரேடியோவும் இல்லாத காலத்தில் அந்த ஆதரவு எப்படி வந்தது?

அதைப் பார்க்க ஒரே ஒரு மாகாணத்தை எடுத்துக்கொண்டோம். டென்மார்க்கை ஒட்டி, இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன். 1928 மே தேர்தலில் அங்கே நாஜிகளுக்குக் கிடைத்தது 4 சதவீதம். 1930 செப்டம்பரில் 27. 1932 ஜூலையில் 51. அந்தத் தேர்தலில் நாஜிகள் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய தொகுதி நாட்டிலேயே அது ஒன்றுதான்.

வேலூரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இப்படி ஒரு நிகழ்வை எடுத்துப் பேசுவது வழக்கம். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, காட்பாடியிலிருந்து வரும் நாலைந்து கல்லூரிப் பையன்கள். மியூனிக்கையும் பெர்லினையும் விட்டுவிட்டு இந்த விவசாய மாகாணத்தை எடுக்கச் சொன்னது வங்கிக்காரர்தான். காரணம், ஜப்தி. அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாடு திரும்பி ஓடிய ஊர்

மாகாணத்தின் மேற்குக் கரை சதுப்பு நிலம், நல்ல புல். அங்கே உள்ளவர்கள் வசந்த காலத்தில் கடன் வாங்கி மெலிந்த மாடுகளைப் பிடித்து, புல்லில் விட்டுக் கொழுக்க வைத்து, இலையுதிர் காலத்தில் விற்பார்கள். விலை இறங்கினால் மாடும் கை நழுவும், கடனும் நிற்கும். நடுவில் இருப்பது மணல் கலந்த மேட்டு நிலம். அங்கே குடும்பமே உழைத்துப் பிழைக்கும் சிறு, நடுத்தர விவசாயிகள், பன்றியும் மாடும் வளர்ப்பவர்கள். கிழக்கே பெரும் பண்ணைகளும் கூலி ஆட்களும். 1927 வாக்கில் பன்றி விலையும் மாட்டு விலையும் சரிந்தன. வட்டியும் வரியும் சரியவில்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சி 1929 கடைசியில் வந்தது. இந்த மாகாணத்துக்கு அதற்கு இரண்டு ஆண்டு முன்பே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

1928 ஜனவரி 28-ஆம் தேதி மாகாணத்தின் ஊர்களில் எல்லாமாகச் சேர்ந்து 1,40,000 பேர் வரை தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பைடன்ஃப்ளெட் என்ற கிராமத்தில் வரி கட்டாத இரண்டு விவசாயிகளின் மாடுகளை ஜப்தி செய்ய ஆட்கள் வந்தார்கள். நம் கணக்கில் அமீனா. ஊர்க்காரர்கள் வழியில் வைக்கோலைக் கொளுத்திக் கொம்பு ஊதினார்கள். மிரண்ட மாடுகள் தொழுவத்துக்கே திரும்பி ஓடிவிட்டன. பலர் மீது வழக்கு. அந்த வழக்கு அவர்களை மாகாணம் முழுக்கப் பிரபலமாக்கியது.

இதிலிருந்து எழுந்ததுதான் லாண்ட்ஃபோல்க், கிராம மக்கள் இயக்கம். கிளவுஸ் ஹைம், வில்ஹெல்ம் ஹாம்கென்ஸ் என்று இரண்டு விவசாயிகள் முன்னால் நின்றார்கள். உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை. கறுப்புக் கொடி, அதில் வெள்ளை ஏரும் சிவப்பு வாளும். 1929 ஆகஸ்டில் நொய்மூன்ஸ்டர் என்ற ஊரில் போலீஸ் அந்தக் கொடியைப் பிடுங்கியபோது அடிதடி நடந்தது. அதற்குப் பதிலடியாக விவசாயிகள் அந்த ஊர்ச் சந்தைக்கும் கடைக்கும் மாதக்கணக்கில் போகாமல் இருந்தார்கள்.

அதே ஆண்டு குண்டுகளும் வெடித்தன. வரி அலுவலகம், அரசு அலுவலகம், கடைசியில் பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம். பெரும்பாலும் ஆள் இல்லாத நேரத்தில். ஹைம் பிடிபட்டு 1930-இல் ஏழாண்டுச் சிறை. இயக்கம் கரைந்தது. கோபம் மட்டும் அப்படியே கிடந்தது, தலைமை இல்லாமல்.

நாஜிக் கட்சி இந்தக் குண்டுகளிலிருந்து வெளிப்படையாக விலகி நின்றது. நாங்கள் சட்டப்படி வருபவர்கள் என்றது. 1930 செப்டம்பரில் லைப்சிக் நீதிமன்றத்தில் ஹிட்லரே சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சத்தியமாகச் சொன்னார். தெருவில் அவருடைய அடிதடிப் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் எதிராளிகளின் மண்டையை உடைத்த அதே காலத்தில்! ஆனால் ஜப்தி நோட்டீஸ் கையில் வைத்திருக்கும் விவசாயி பார்த்தது வேறு. குண்டு வைத்தவன் சிறையில் இருக்கிறான், இவர்கள் வாக்குச் சாவடி வழியாக வருகிறோம் என்கிறார்கள். அதில் ஆபத்தும் குறைவு, மரியாதையும் கெடாது.

பேச்சாளர் செய்யும் தொழிற்சாலை

1928 தேர்தலில் நாடு முழுக்க நாஜிகளுக்கு வெறும் 2.6 சதவீதம், 12 இடம். ஆனால் கணக்கு பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தொழிலாளர் நகரங்களில் பணத்தைக் கொட்டியும் விழாத வாக்கு, அதிகம் செலவழிக்காத கிராமங்களில் விழுந்திருந்தது. கட்சிப் பத்திரிகையே அதை எழுதியது. அப்புறம்தான் வண்டி கிராமப் பக்கம் திரும்பியது.

கிராமத்துக்குப் போகப் பேச்சாளர் வேண்டும். ஹிட்லர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? இங்கேதான் ஃபிரிட்ஸ் ரைன்ஹார்ட் வருகிறார். வணிகப் பாடங்களைத் தபால் வழியில் நடத்தி வந்த ஆள். அதே முறையில் 1928-இல் பேச்சாளர் பயிற்சியைத் தொடங்கினார். மாதா மாதம் பாடம் தபாலில் வரும். ஒரே பேச்சை மனப்பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று பழக வேண்டும். கூட்டத்தில் யாராவது எழுந்து குறுக்குக் கேள்வி கேட்டால் என்ன பதில் என்பதும் எழுதியே வந்துவிடும். 1933-க்குள் இப்படித் தேறியவர்கள் சுமார் 6,000 பேர் என்பது கணக்கு. இவர்கள் பெரிய நாவலர்கள் இல்லை. பக்கத்து ஊர் விவசாயி, பள்ளி ஆசிரியர், கடைக்காரர். பேச்சின் தரத்தைப் பார்த்தால் நம்மூர் வட்டச் செயலாளர்கள் தேவலை என்று தோன்றும்.

கூட்டம் நடப்பது ஊரின் பீர்க்கடைக் கூடத்தில். உள்ளே வர டிக்கெட். அந்தக் காசில்தான் பேச்சாளரின் சம்பளமும் கிளையின் செலவும். இதைச் சொன்னபோது எங்கள் பையன்கள் நம்பவில்லை. பிரியாணியும் பேட்டாவும் கொடுத்து லாரியில் ஆள் ஏற்றிவரும் ஊரில் வளர்ந்தவர்கள், பாவம். தொழிலதிபர்களின் பணத்தில்தான் ஹிட்லர் வளர்ந்தார் என்ற பழைய விளக்கம் கீழ்மட்டத்தில் அவ்வளவாகப் பொருந்தாமல் போவது இதனால்தான். கிராமத்துக் கிளை தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. எந்தப் பேச்சுக்குக் கூட்டம் சேர்ந்தது, எதற்குச் சேரவில்லை என்பது கல்லாப்பெட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூட்டம் வராத பேச்சு கைவிடப்பட்டது. வருவது திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

இன்னொன்று, மற்ற கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் வந்தன. இவர்கள் தேர்தல் இல்லாத குளிர்காலத்திலும் வந்தார்கள்.

பதினேழாவது பிரிவு

கட்சியின் 25 அம்சத் திட்டம் 1920 பிப்ரவரியில் மியூனிக்கில் வெளியானது. மாற்றவே முடியாதது என்று பின்னால் அறிவித்தார்கள். அதில் 17-ஆவது, பொது நன்மைக்காக நிலத்தை இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்ளச் சட்டம் வேண்டும் என்கிறது. விவசாயியிடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? 1928 ஏப்ரல் 13-ஆம் தேதி, தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, ஹிட்லர் ஒரு விளக்கம் கொடுத்தார். கட்சி தனிச் சொத்தை ஏற்கிறது, அந்தப் பிரிவு முக்கியமாக யூத நில வியாபார நிறுவனங்களைக் குறிவைத்தது, அவ்வளவுதான் என்று. திட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. உங்கள் நிலம் பத்திரம், எடுக்கப்போவது அவனுடையதை என்று பொருள் மட்டும் திரும்பிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் ஓடியது இந்தக் குறிப்பில்தான். ஜெர்மனியில் அன்று யூதர்கள் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த மாகாணக் கிராமங்களில் அதைவிடக் குறைவு. பெரும்பாலான விவசாயிகளுக்கு அண்டை வீட்டில் ஒரு யூதர் இருந்ததில்லை. அதனால் எதிரி தன் முகத்தைக் காட்டி, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல வழியே இல்லை. மாட்டு விலை, வங்கி வட்டி, பெர்லின் அரசாங்கம், முதல் உலகப் போர் இழப்பீடு எல்லாவற்றையும் அந்த முகமில்லாதவன் தலையில் கட்ட முடிந்தது. வெறுப்புப் பேச்சு எடுபடாத ஊரில் அதைக் குறைத்துக்கொண்டு, வரியையும் விலையையும் பற்றி மட்டும் பேசினார்கள். ஒரே கட்சி தொழிலாளியிடம் முதலாளியைத் திட்டியது, விவசாயியிடம் நகரத்தைத் திட்டியது, கடைக்காரரிடம் பெரிய அங்காடிகளைத் திட்டியது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று யாரும் அடுக்கிப் பார்க்கவில்லை. கேட்பவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கவில்லையே.

இரண்டு சவ அடக்கம்

1929 மார்ச் 7, டித்மார்ஷன் பகுதியில் வோர்டன் என்ற கிராமம். நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் இரவில் மோதியதில் பழுப்புச் சட்டைக்காரர்கள் இருவரும் கம்யூனிஸ்ட் ஒருவரும் செத்தார்கள். சண்டை எப்படித் தொடங்கியது என்பது போலீஸ் விசாரணைக்கு. கட்சிக்கு வேண்டியது அடுத்து நடந்ததுதான். இறந்த இருவருடைய சவ அடக்கத்துக்கு ஹிட்லரே வந்தார். உள்ளூர்ப் பையன்கள், விவசாயக் குடும்பம், தேவாலயம், கொடி, ஊரே திரண்ட ஊர்வலம். அதுவரை தள்ளி நின்று பார்த்தவர்கள்கூடச் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. போனவர்கள் கட்சிக்காரர்களோடு வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகு அந்தப் பக்கம் கட்சி மளமளவென்று வளர்ந்தது. வயதான கிராமத்துப் பெண்கள்கூட நீல வேலைத் துணியின் மேல் சுவஸ்திகா வில்லையைக் குத்திக்கொண்டு திரிகிறார்கள் என்று அரசு அதிகாரி மேலே அறிக்கை அனுப்பினார். எனக்கு இந்தக் கதையில் மறக்காத ஒரு வரி அதுதான். கூட்டத்துக்கு வருவது வேறு, மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது அணிந்துகொள்வது வேறு.

சங்கத்துக்குள் நுழைதல்

1930-இல் வால்தர் டாரே என்பவர் கட்சிக்குள் விவசாயப் பிரிவைக் கட்டினார். அவர் புதுச் சங்கம் தொடங்க மெனக்கெடவில்லை. ஏற்கெனவே இருந்த விவசாயிகள் சங்கங்களில் நம் ஆள் நுழையட்டும், தலைவர் பதவிக்கு நிற்கட்டும் என்றார். 1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில், நாட்டின் மிகப் பெரிய விவசாயச் சங்கமே ஹிட்லருக்கு வாக்குக் கேட்டது. அதுவரை கட்சி கூட்டத்துக்கே போகாத பெரியவருக்கும், உரத்துக்கும் விதைக்கும் பழகிய சங்கத் தலைவர் சொன்னால் அது செய்தி. பத்திரிகையும் சுவரொட்டியும் செய்ய முடியாததை இது செய்தது.

மேட்டு நிலக் கிராமங்களில் 1932 ஜூலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நாஜி வாக்கு. கீல் பல்கலைக்கழகத்தில் இருந்த சமூகவியலாளர் ருடால்ஃப் ஹெபெர்லே இதை நிலவகை வாரியாகக் கணக்கிட்டார். அந்த ஆய்வை நாஜி ஆட்சியில் வெளியிட முடியவில்லை. 1938-இல் அவர் அமெரிக்கா போய்விட்டார். யார் எவ்வளவு வறியவர் என்பதைவிட, ஊர் எப்படி ஒட்டிக்கிடந்தது என்பதில்தான் அவருடைய கணக்கு கொண்டுபோய் நிறுத்துகிறது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவு நிலம் வைத்திருந்து, ஒருவரை ஒருவர் பார்த்தே முடிவெடுக்கும் ஊர்கள்தான் மொத்தமாகச் சாய்ந்தன. பத்துப் பேர் சாய்ந்தால் மீதிப் பேரும் சாய்ந்தார்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கு வரலாம். 2018 ஏப்ரல், மே மாதங்களில் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வட மாவட்டங்களில் சுற்றின. குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் கொன்றார்கள். கட்சி இல்லை, தலைவர் இல்லை, பயிற்சி பெற்ற பேச்சாளர் இல்லை. ஆனால் குரல் வந்தது மாமா போனிலிருந்து, எதிர்வீட்டு அக்கா போனிலிருந்து. செய்தி யாருடையது என்று கேட்காமல் கொண்டுவந்தது யார் என்று மட்டும் பார்த்தார்கள். டாரேயின் ஆட்கள் சங்கத் தலைவர் பதவியைத் தேடிப் போனதும் இதற்காகத்தான்.

திருப்பத்தூர் பேச்சும் வந்தது. அன்றைய வட ஆற்காட்டின் திருப்பத்தூரிலும் பக்கத்துத் தர்மபுரியிலும் 1970-களின் கடைசியில் நக்சலைட்டுகள் கந்துவட்டி, இரட்டைக் குவளை, கூலி என்று ஊருக்குள் இருந்த குறைகளை எடுத்துக்கொண்டு நுழைந்தார்கள். இன்னும் சில ஊர்களில் பெரியவர்கள் அதைத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். 1980 ஆகஸ்ட் 6-ஆம் தேதி திருப்பத்தூர் அருகே காரில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிசாமியும் உடன் இருந்த போலீசாரும் இறந்தார்கள். பின் போலீஸ் அதிகாரி தேவாரம் தலைமையில் நடவடிக்கை, என்கவுண்டர்கள். நாஜியையும் நக்சலையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். சரிதான். நக்சல்கள் எடுத்துக்கொண்ட குறை உண்மையான சாதிக் கொடுமை. நாஜிகள் கொண்டுவந்த எதிரியே கற்பனை. ஆனால் குண்டுக்குப் பின் ஆதரவு சுருங்கியது ஹைமுக்கும் நடந்தது, இங்கும் நடந்தது. வாக்குப்பெட்டியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தவர்கள்தான் நாட்டைப் பிடித்தார்கள்.

சாயாத இடங்கள்

இந்தப் பிரச்சாரம் எங்கும் பலித்தது என்று நினைத்தால் தப்பு. கத்தோலிக்கர் பெருவாரியாக இருந்த பகுதிகளில் அவர்களுடைய சென்ட்ரம் கட்சியின் வாக்கு கலையவே இல்லை. தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியைச் சார்ந்த தொழிற்சங்கங்கள் வேரோடிய தொழிலாளர் வட்டாரங்களிலும் நாஜிகள் திணறினார்கள். 1932 நவம்பரில் நாட்டளவில் அவர்கள் 33 சதவீதத்துக்கு இறங்கினார்கள். கையில் காசும் தீர்ந்தது. 1933 ஜனவரி 15 அன்று லிப்பே என்ற குட்டி மாநிலத்தில் தேர்தல். கட்சியின் முழுப் பலத்தையும் அங்கே இறக்கி, ஹிட்லரே ஊர் ஊராகப் பேசி, 39.5 சதவீதம் எடுத்து, அலை திரும்பிவிட்டது என்று நாடெங்கும் முழங்கினார்கள். ஜூலையில் அதே மாநிலத்தில் வாங்கியதைவிட அது குறைவு. இரண்டு வாரம் கழித்து ஹிட்லர் பிரதமர் பதவியில் உட்கார்ந்தார். அதை மக்கள் கொடுக்கவில்லை, மேல்மட்டத்தில் சிலர் பேசி முடித்தார்கள்.

கடைசியில் வங்கிக்காரருக்கும் குடியாத்தத்து மாணவிக்கும் வாக்குவாதம். "ஏம்மா, கடன்ல மூழ்கினவன் எதையும் நம்புவான். நகைக்கடன் ஏலத்துல நின்னு பார்த்தா தெரியும்," என்றார் அவர். அவள் மாகாண வரைபடத்தின் கிழக்குப் பக்கத்தைக் காட்டினாள். "இல்ல சார், இங்க பண்ணையில கூலி வேலை செஞ்சவங்களும் கஷ்டத்துலதான் இருந்தாங்க. அவங்ககிட்ட ஏன் அந்த அளவுக்கு எடுபடல?" அங்கே பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது, சமூக ஜனநாயகக் கட்சியின் ஆள் ஊருக்குள்ளேயே இருந்தார். மேட்டு நிலத்துச் சிறு விவசாயியிடம் அந்தக் கட்சி போகவே இல்லை. விவசாயிகளுக்கென்று அது ஒரு திட்டம் போட்டதே 1927 மாநாட்டில்தான். மாநாடு நடந்த ஊர் கீல். இதே மாகாணத்தின் தலைநகரம்.